விண்டோஸ் 10 காலம் முடிந்தது: நல்லா ஓடுற பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டுமா? அடுத்து என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. போன் அடிக்கிறது.

"தம்பி, கம்ப்யூட்டர்ல ஏதோ இங்கிலீஷ்ல எழுதி வருதுப்பா. ஓகே குடுக்கவா, வேணாமா?"

"எதையும் அமுக்காதீங்க சித்தப்பா. முதல்ல அதை போட்டோ எடுத்து அனுப்புங்க."

கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்திலும் இந்த போனை எடுக்கும் ஆள் ஒருவர் இருப்பார். புது போன் வந்தால் விலை கேட்பது அவரிடம்தான். பிரிண்டர் மக்கர் பண்ணினால் கூப்பிடுவதும் அவரைத்தான். லேப்டாப்பைப் பிரித்து ரேம் மாற்றுவது, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுப் பார்ப்பது எல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு.

அந்த மாதிரி ஆட்களிடம் இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சாமே, என் லேப்டாப் இனி அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் இல்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டுவிடவும் முடியாது. ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

அக்டோபர் 14-ம் தேதி என்ன நடந்தது?

2015 ஜூலை 29-ம் தேதி வெளியானது விண்டோஸ் 10. பத்து ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இது புதிது அல்ல. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் இதேதான் நடந்தது.

ஆதரவு முடிந்த மறுநாள் லேப்டாப் நின்றுவிடாது. வழக்கம்போல ஆன் ஆகும், படம் ஓடும், பிரவுசர் திறக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். "எல்லாம் நல்லாத்தானே ஓடுது, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடுகிறார்கள்.

நின்றுபோவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடும். விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பதுதான் அதன் வேலை. அது இனி விண்டோஸ் 10-க்குத் தானாக வராது.

ஓட்டை அடைக்காவிட்டால் என்ன ஆகும்?

2017 மே மாதம் உலகையே கலங்கடித்த 'வான்னாக்ரை' வைரஸ் இதற்கு நல்ல உதாரணம். கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையே தடுமாறி, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாயின.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இருந்தும் அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

விண்டோஸ் 10-ல் நிலைமை இன்னும் ஒரு படி மோசம். கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராதவர்களுக்கு, போடுவதற்கே அப்டேட் வராது. அதுமட்டுமல்ல, விண்டோஸ் 10-ம் 11-ம் உள்ளுக்குள் நிறைய பகுதிகளைப் பகிர்ந்துகொள்பவை. விண்டோஸ் 11-ல் எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்று பார்த்தாலே, 10-ல் எது திறந்து கிடக்கிறது என்று ஹேக்கர்களால் ஊகிக்க முடியும்.

நெட்டே இல்லாமல் பழைய படம் பார்க்க மட்டும் வைத்திருக்கும் லேப்டாப் என்றால் கவலை குறைவு. அதிலேயே நெட் பேங்கிங், ஜிஎஸ்டி கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் இருந்தால்?

நல்ல லேப்டாப்தானே, ஏன் விண்டோஸ் 11 ஏற மாட்டேங்குது?

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் 11-க்கு இலவசமாகவே மாறலாம். ஆனால் கம்ப்யூட்டர் சில தகுதிகளைத் தாண்ட வேண்டும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் என்பதெல்லாம் பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கும். இடிப்பது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று, டிபிஎம் 2.0. ரகசியக் குறியீடுகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புப் பகுதி இது. தனி சிப்பாகவும் இருக்கலாம், பிராசஸருக்குள்ளேயே சேர்ந்தும் இருக்கலாம். இரண்டாவது, பிராசஸரின் தலைமுறை. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசையில் தொடங்கிய பிராசஸர்கள்.

அதனால்தான், 2017-ல் நாற்பது ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கி, இன்றும் சுறுசுறுப்பாக ஓடும் லேப்டாப் தகுதி இல்லை என்று வெளியே நிற்கிறது.

உங்கள் லேப்டாப் தேறுமா? எப்படிப் பார்ப்பது?

முடிவு எடுக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்து இதைப் பாருங்கள்.

முதலில் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'அபவுட்' பகுதிக்குப் போனால் பிராசஸர் பெயர் தெரியும். இன்டெல் கோர் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயருக்குப் பிறகு வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம்தான் பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் தலைமுறையைக் காட்டும். 7200 என்றால் 7-வது தலைமுறை, 8250 என்றால் 8-வது.

அடுத்து, விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் 'ரன்' பெட்டி வரும். அதில் 'டிபிஎம் டாட் எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் டிபிஎம் இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று சொல்லிவிடும்.

இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல கம்ப்யூட்டர்களில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் 'பிடிடி' என்றும், ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்றும் அந்த வசதிக்குப் பெயர். அதை ஆன் செய்ததும் தகுதி பெறும் லேப்டாப்களும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் ரெக்கவரி கீயை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பூட்டிக்கொண்டால், தெரிந்தவர் வந்தாலும் திறக்க முடியாது.

தேறவில்லை. இப்போ என்ன வழி?

வழி 1: ஓராண்டு அவகாசம் வாங்குவது

தனிநபர்களுக்காகக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13-ம் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் வரும். புதிய வசதிகள் எதுவும் வராது.

சேர மூன்று வழிகள். கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம். அல்லது 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம். அல்லது 30 டாலரோ அதற்கு இணையான உள்ளூர் பணமோ கட்டலாம். ஒரே கணக்கில் 10 கம்ப்யூட்டர்கள் வரை சேர்க்க முடியும்.

லேப்டாப்பில் விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். அப்படி இருந்தால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதில் சேரும் இணைப்பு தெரியும்.

இலவச வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி இடம்தான். போட்டோ, வீடியோ என்று எல்லாவற்றையும் பேக்கப்பில் ஏற்றிவிட்டால் இடம் நிரம்பி, பணம் கட்டச் சொல்லும். செட்டிங்ஸை மட்டும் ஒத்திசைத்தால் போதும்.

வழி 2: லினக்ஸுக்கு மாறுவது

பெயரைக் கேட்டதும் பலர் பயந்துவிடுகிறார்கள். ஆனால் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது அது.

தமிழ்நாட்டு மாணவர்களில் பலர் லினக்ஸை ஏற்கெனவே பார்த்தவர்கள் என்றும் சொல்லலாம். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் போடப்பட்டிருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும், பெரும்பாலானவர்கள் விண்டோஸைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எளிது. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என்று தோற்றமே பழக்கமானதாக இருக்கும். 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. செலவு இல்லை. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

இன்னொரு வசதி, போடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்தால், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே லினக்ஸ் திறக்கும். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்டர் எடுக்கிறதா என்று பார்த்து, பிடித்தால் மட்டும் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.

பிரவுசர் மட்டும் போதும் என்பவர்கள் கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸையும் பார்க்கலாம். ஆனால் அதில் பிளே ஸ்டோர் ஆப்கள் கிடையாது.

தமிழ் டைப்பிங் என்ன ஆகும்?

யூனிகோடில் அடிப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. தமிழ்99, ஒலிபெயர்ப்பு என இரண்டு விசைப்பலகைகளும் லினக்ஸில் கிடைக்கும். சிரமம், பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த டிடிபி கடைகளுக்குத்தான். அவர்கள் பயன்படுத்தும் பேஜ்மேக்கர், போட்டோஷாப் இரண்டுமே லினக்ஸுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல.

டேலியில் கணக்கு எழுதுபவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ஆன்லைனில் தாக்கல் செய்பவர்கள் ஆகியோரும் அவசரப்பட்டு மாறக் கூடாது. அந்த ஒரு வேலைக்காக விண்டோஸ் தேவைப்படும். இவர்களுக்கு முதல் வழியும், அடுத்து புது கம்ப்யூட்டருக்குத் திட்டமிடுவதும்தான் சரி.

வழி 3: குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போடலாமா?

தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றும் முறைகள் இருக்கின்றன. சோதித்துப் பார்க்கும் ஆர்வலர்கள் செய்கிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் வரும் என்று உறுதி இல்லை என மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? அதுவே உறுதி இல்லை என்றால், கடைக் கணக்கு இருக்கும் லேப்டாப்பில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மெதுவா ஓடுதே, புதுசு வாங்கிடலாமா?

பழைய லேப்டாப் மெதுவாக இருப்பதற்குப் பல நேரம் காரணம் பிராசஸர் அல்ல, ஹார்டு டிஸ்க்தான். உள்ளே தகடு சுற்றும் அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், ஆன் ஆகும் நேரமே பெருமளவு குறைந்துவிடும். 4 ஜிபி ரேமை 8 ஆக்கினால் இன்னும் நல்லது. புது லேப்டாப் விலையோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவு. பேட்டரி, கீபோர்டு, திரை மூன்றும் சேர்ந்து போயிருந்தால் மட்டும் புதிது வாங்குவது லாபம்.

எதைச் செய்தாலும் இதை மறக்காதீர்கள்

எந்த மாற்றத்துக்கும் முன்னால் பேக்கப் எடுக்க வேண்டும். போட்டோக்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், கணக்கு ஃபைல்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் என எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில் அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது ஒரு தவறான கிளிக் போதும், மொத்த டிஸ்க்கும் அழிந்துவிடும்.

அதேபோல, "உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் அப்படி எண் கொடுத்துக் கூப்பிடச் சொல்லாது. கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்க ஆப் போடச் சொன்னால் அது மோசடிதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கையில் இருக்கும் போனுக்கும் இதே கதைதான்

போன்களுக்கும் அப்டேட் முடியும் தேதி உண்டு. கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். விலை குறைந்த போன்களில் இது சில ஆண்டுகளிலேயே நின்றுவிடலாம். செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்கும் மேல் பழையதாக இருந்தால், யுபிஐயும் பேங்க் ஆப்பும் அந்த போனில் வைத்திருப்பது நல்லதல்ல. அடுத்த முறை போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, அப்டேட் எத்தனை வருஷம் என்றும் கேளுங்கள்.

சரி, அந்த சித்தப்பாவுக்கு என்ன பதில்?

கடைக் கணக்கு எழுதும் லேப்டாப் என்றால், இன்றே கூடுதல் அப்டேட் திட்டத்தில் சேர்த்துவிட்டு, புது கம்ப்யூட்டருக்குப் பணம் சேர்க்கச் சொல்லலாம். பிள்ளைகள் படிக்கவும், யூடியூப் பார்க்கவும், கடிதம் அடிக்கவும் மட்டும்தான் என்றால், ஒரு எஸ்எஸ்டி வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு நேரில் போய்விடலாம். பேக்கப் எடுக்கவே அரை நாள் ஆகும். அதனால் காலையிலேயே கிளம்புவது நல்லது.