ஒட்டுத் தெரியும் காவியம்

இங்கிலாந்தின் ஜெனிசிஸ் குழு 1972இல் வெளியிட்ட 'ஃபாக்ஸ்ட்ராட்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை ஏறக்குறைய முழுதாக அடைத்துக்கொண்டிருப்பது 'சப்பர்ஸ் ரெடி' என்ற ஒரே பாட்டு. ஏழு பகுதிகள், சுமார் 23 நிமிடம். துண்டுப் பாட்டுகளை ஒட்டவைத்துக் காவியம் என்று பெயர் சூட்டிவிட்டார்கள் என்பது புரோகிரசிவ் ராக் இசைமீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. ஒட்டியது உண்மைதான். ஐந்தாம் பகுதியான 'வில்லோ ஃபார்ம்' பாடகர் பீட்டர் கேப்ரியல் தனியே வைத்திருந்த கோமாளித்தனமான பாட்டு. மெல்லத் தொடங்கி உரக்க முடியும் தங்கள் பழைய பாதையிலேயே 'சப்பர்ஸ் ரெடி'யும் போகிறது என்று கண்ட கீபோர்டு கலைஞர் டோனி பேங்க்ஸ், அந்தக் கோமாளிப் பாட்டை நடுவில் சட்டென்று நுழைக்கச் சொன்னார். அதற்கு முந்தைய பகுதியில் பியானோவின் விசை விழும் ஓசையை மறைத்து, அதன் கார்வையை மட்டும் மெல்ல எழ விட்டிருக்கிறார்கள். அந்த உறக்கத்தைக் கலைத்துக்கொண்டுதான் கோமாளி வருகிறான். இங்கே ஒட்டுத் தெரிவதே வேலைப்பாடு. ஆறாம் பகுதியில் தாளம் ஒன்பது எண்ணிக்கைக்கு மாறுகிறது. பேஸும் ட்ரம்ஸும் அந்த ஒன்பதைத் திரும்பத் திரும்ப இடிக்க, பேங்க்ஸின் ஆர்கன் அந்தக் கணக்குக்கு அடங்காமல் மேலே அலைகிறது. இந்த இழுபறி உச்சத்துக்குப் போனதும், இரண்டாம் பகுதியின் மெட்டு திரும்பி வருகிறது. வெறும் ஒட்டுவேலை என்றால், இவ்வளவு நேரம் கழித்துப் பழைய மெட்டைக் கேட்கும்போது வீடு திரும்பியது போல் ஏன் இருக்கவேண்டும்?

மேடையில் இன்னொரு ஆட்சேபம் எழுந்தது: இது பாட்டா, மாறுவேடப் போட்டியா? கேப்ரியல் 'வில்லோ ஃபார்ம்' பகுதியில் தலையைச் சுற்றிப் பூவிதழ்களோடு நின்றார். ஒன்பது எண்ணிக்கைப் பகுதியில் பெட்டிபோன்ற முகமூடி. முடிவில் கறுப்பு அங்கியைக் களைந்து வெள்ளை உடையில் வெளிப்பட்டார். இதற்கு வேர் ஒரு நடைமுறைத் தொல்லையிலும் இருந்தது. 12 தந்திக் கிட்டார்களுக்குப் பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்பவே அவர் விசித்திரக் கதைகள் சொல்லத் தொடங்கினார், வேடங்கள் பின்னால் வந்தன. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதைக் கடைசி வரிசைக்கும் காட்ட, பூமுகத்தைவிட எளிய வழி இருந்திருக்காது (அழகாக இருந்ததா என்பது வேறு கேள்வி). வேடம் இல்லாவிட்டால் பாட்டு நிற்குமா என்பதற்கும் சோதனை நடந்துவிட்டது. 1975இல் கேப்ரியல் விலகினார். ட்ரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸ் பூவும் பெட்டியும் இல்லாமல் முன்னால் வந்து பாடினார். 1977இல் பாரிஸில் பதிவான அந்தப் பாட்டு, 'செகண்ட்ஸ் அவுட்' இசைத்தட்டில் ஏழு பகுதிகளும் குறையாமல் இருக்கிறது.