தரங்கம்பாடி: மதில் போனது, வாசல் நிற்கிறது

டெல்லித் தமிழர்களுக்கு மதில் இழந்த வாசல்கள் புதிதல்ல. ஷாஜகானாபாத்தைச் சுற்றியிருந்த மதிலில் பெரும்பகுதி போய்விட்டது. கஷ்மீரி கேட்டும் துர்க்மான் கேட்டும் வண்டி நெரிசலுக்கு நடுவே நிற்கின்றன. அப்படியொரு வாசல் நம் ஊர்க் கடற்கரையிலும் உண்டு. மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்கள் 1792இல் கட்டிய வெள்ளை நிற நகர வாசல் அது. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அதற்குள் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வாசலிலேயே இறங்கி நடங்கள்.

நேராகக் கடலை நோக்கிப் போகும் தெருவில் 1701இல் எழுந்த சீயோன் தேவாலயமும், 1718இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் இருக்கின்றன. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய அவருடைய கல்லறை இரண்டாவதில்தான். தெரு முடிந்தால் டேன்ஸ்பர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்த பிறகு எழுந்தது. டென்மார்க் மன்னருக்கு அவர் தங்க ஏட்டில் தமிழில் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் இப்போது தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். கீழ்த்தள அறைகளின் தாழ்ந்த வளைவுக் கூரைக்கடியில் நில்லுங்கள். வெளியே கொளுத்தும் வெயில் அங்கே எட்டாது.

பெரும்பாலோர் இத்தோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கோட்டைக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. கோட்டையைவிட முந்நூறு ஆண்டு மூத்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. செதுக்கிய கற்கள் அலைக்குள் கிடந்து பாசி பிடித்திருக்கின்றன. அரிப்பைத் தடுக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். 2004 சுனாமி இதே கரையில்தான் ஏறி வந்து எத்தனையோ மீனவக் குடும்பங்களைச் சிதைத்தது. டேனிஷ் கட்டடங்களைச் சீராக்க டென்மார்க்கிலிருந்தே ஆர்வலர்கள் வந்தார்கள். நல்ல காரியம். அந்த அக்கறையில் பாதியாவது பாண்டியன் கோயிலுக்கு நம்மிடமிருந்து வர வேண்டாமா?

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்கள் ஏராளம். அங்கிருந்து தரங்கம்பாடி மிகப் பக்கம். ஹோமம் முடிந்து சாப்பிட்டதும் ஊர் திரும்பாமல், வெயில் தாழ ஒரு நடை போய் வாருங்கள். கோயிலை முதலில் பாருங்கள், கோட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.