களையெடுத்த மறுவாரமே மீண்டும் களை ஏன்?

தோட்டத்தைக் கொத்திக் களையெடுத்த மறுவாரமே பச்சை தலைகாட்டுதே, ஏன்? கிளறும்போது, புதைந்து கிடந்த களை விதைகள் மேல் வெளிச்சம் பட்டுவிடுகிறது. சிலவற்றுக்கு ஒரு நொடியே போதும்.

1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மைய விஞ்ஞானிகள் லெட்டூஸ் விதைகளில் இதைக் காட்டினர். சிவப்பு ஒளி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தூரச் சிவப்பு ஒளி என மாற்றி மாற்றிப் பாய்ச்சினர். கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் பெரும்பாலும் முளைத்தது. தூரச் சிவப்பு என்றால் பெரும்பாலும் தூக்கம்தான்!

சுவிட்ச் போல வேலை செய்வது பைட்டோகுரோம் என்ற நிறமி. சிவப்பு ஒளி பட்டதும் முளைக்கவைக்கும் ஜிப்ரலின் ஹார்மோன் கூடுகிறது. தூங்கவைக்கும் அப்சிசிக் அமிலம் குறைகிறது. இலை நிழலில் தூரச் சிவப்புதான் அதிகம் என்பதால் அங்கே விதை காத்திருக்கும்.

இதை வைத்து ஜெர்மனியில் இருட்டில் உழுதே பார்த்தார்கள். சில களைகள் குறைந்தன, எல்லாம் இல்லை. மேலாகக் கிடக்கும் விதைக்கு விடிந்தாலே போதுமே!