இரயில் எங்கே வருகிறது? சில வரி நிரலிலேயே அறியலாம்

புக்கிட் மெர்தாஜாம் – பட்டர்வொர்த்திலிருந்து புறப்படும் கொமுட்டர் இரயில்களில் வடக்கே பாடாங் பெசார் செல்பவையும் தெற்கே பேராக் நோக்கிச் செல்பவையும் புக்கிட் மெர்தாஜாமைத் தொட்ட பிறகே பிரிகின்றன. ஒன்றைத் தவறவிட்டால், அதே திசையில் அடுத்த இரயிலுக்கு நெடுநேரம் காத்திருக்க நேரிடும். வேலைக்கும் கல்லூரிக்கும் செல்வோருக்கு, இரயில் இப்போது எங்கே வருகிறது என்பது முக்கியமான தகவல்.

இந்தத் தகவல் யாருக்கும் திறந்தே இருக்கிறது. மலேசிய அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கோவ்.மை, கேடிஎம்பி இரயில்களின் இருப்பிடத்தை ஏபிஐ வழியாக இலவசமாக வெளியிடுகிறது. இணையப் பக்கம் மனிதர் படிப்பதற்கு. ஏபிஐ நிரல் படிப்பதற்கு. ஒரு முகவரிக்குக் கோரிக்கை அனுப்பினால், படமோ விளம்பரமோ இன்றித் தரவு மட்டும் திரும்பி வரும்.

ஆனால், வருவது நேரடியாகப் படிக்கக்கூடிய எழுத்தன்று. ‘ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம்’ என்ற அனைத்துலகத் தரத்தில், புரோட்டோபஃப் வடிவில் சுருக்கப்பட்ட பொட்டலம் அது. இதன் மூல வடிவமான ஜிடிஎஃப்எஸ், 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகளும் இணைந்து உருவாக்கியது.

பொட்டலத்தைப் பெற்றுப் பிரிக்க, பைதான் மொழியில் இரண்டு சிறிய நிரல் நூலகங்கள் போதும். ‘ரிக்குவெஸ்ட்ஸ்’ கோரிக்கையை அனுப்பிப் பதிலை வாங்கித் தரும். ‘ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் பைண்டிங்ஸ்’ அதைப் பிரித்து, பயண எண், அட்சரேகை, தீர்க்கரேகை, பதிவான நேரம் எனத் தனித்தனியாகக் கொடுக்கும். பத்துப் பதினைந்து வரிகளில் வேலை முடிந்துவிடும்.

பயண எண்ணை மட்டும் வைத்து இரயிலின் திசையை அறிய முடியாது. அதே தளம் தரும் கால அட்டவணைக் கோப்பில் அந்த எண்ணைத் தேடினால்தான், வருவது பாடாங் பெசார் இரயிலா, பேராக் இரயிலா என்பது தெரியும். இரு தடங்களும் கடக்கும் புக்கிட் மெர்தாஜாமில் இந்தப் படியை விட்டுவிட்டால் தவறான விடையே கிடைக்கும்.

நூலகம் செய்யாத வேலைகளும் உண்டு. ‘ரிக்குவெஸ்ட்ஸ்’ தானாகக் காலக்கெடு வைத்துக்கொள்வதில்லை. அதை நாம் குறிப்பிடாவிட்டால், பதில் வராதபோது நிரல் அப்படியே நின்றுவிடக்கூடும். தரவு 30 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், நொடிக்கு நொடி கேட்பதில் பயனில்லை. அளவுக்கு மீறிக் கேட்டால் 429 என்ற எண்ணுடன் கோரிக்கை மறுக்கப்படும்.

நேரத்தைச் சரிபார்ப்பதே மிக முக்கியம். பதிவான நேரம் 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளாக வரும். அதை உலகப் பொது நேரமாக மாற்றி 8 மணி நேரம் கூட்டினால் மலேசிய நேரம். அந்த நேரம் பல நிமிடம் பழையதாக இருந்தால், வரைபடத்தில் தெரியும் புள்ளி இரயில் அப்போது இருந்த இடம். இப்போது இருக்கும் இடமன்று.

மேலும், இத்தரவு இரயில் எங்கே உள்ளது என்று சொல்லுமே தவிர, எத்தனை மணிக்கு நிலையத்தை அடையும் என்று சொல்லாது. ஆகவே, செயலி உருவாக்கும் மாணவர்கள் புள்ளியின் அருகிலேயே அது பதிவான நேரத்தையும் காட்டுவது நல்லது. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான், நிலையத்திற்கு ஓடுவதா, நிதானமாக நடப்பதா என்று பயணி முடிவு செய்வார்.