கம்ப்யூட்டரின் தாகம்

தில்லியில் மே மாதத்து வெயில் 45 டிகிரியைத் தொடும்போது நாம் மண்பானையையும் கூலரையும் நாடுகிறோம். ஆனால் வீட்டின் ஒரு மூலையிலிருந்து நமக்காக உழைக்கும் கம்ப்யூட்டருக்கும் அதே வெயில்தான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது உழைப்பை நிறுத்தும்போதுதான் நமக்கு நினைவு வருகிறது.

சென்ற கோடையில் எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தில் அவ்வாறு நேர்ந்தது. தந்தை மத்திய அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள், கட்டட நிபுணர்களுக்கு வேண்டிய சித்திரங்களை வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் தீட்டிக் கொடுத்துப் பொருளீட்டுகிறாள். தம்பியின் கல்லூரிச் சம்பளம் அவளுடைய வருவாயிலிருந்துதான் போகிறது. அவளது யந்திரம் நீரினால் குளிர்விக்கப்படும் வகையைச் சேர்ந்தது. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியது. பத்து நாளில் ஒப்படைக்க வேண்டிய வேலை பாதியில் இருக்க, அது அடிக்கடி தானாகவே நின்றுபோகத் தொடங்கிற்று.

கடைக்காரர் ஒருவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, “இதில் பழுது பார்க்க ஒன்றுமில்லை, குளிர்சாதனம் முழுவதையும் மாற்றிவிடுங்கள்” என்று கூறினார். அவர் சொன்ன தொகை அப்பெண்ணின் இரண்டு மாத வருவாய். அவள் கடன் வாங்கவும் துணிந்துவிட்டாள். தந்தையோ, “அவசரப்படாதே அம்மா. எது கெட்டது என்று முதலில் பார்ப்போம்; எதை வாங்குவது என்று பிறகு பார்ப்போம்” என்றார். எனக்கு இவ்வகைச் சாதனங்களில் சிறிது பழக்கம் உண்டு என்பதால் என்னையும் அழைத்தார்.

நீர் செய்யும் வேலை

மோட்டார் காரின் ரேடியேட்டர் எப்படி வேலை செய்கிறதோ, அப்படியே இதுவும். கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸரின்மேல் ஒரு செம்புப் பெட்டி அமர்ந்திருக்கும். அதற்கு வாட்டர் பிளாக் என்று பெயர். அதனுள் மயிரிழை போன்ற நுண்ணிய தகடுகள் உண்டு. அவற்றின் இடையே ஓடும் நீர் உஷ்ணத்தை ஏற்றுக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்கே விசிறிகள் அதை ஆற்றுகின்றன. ஆறிய நீரைச் சிறு பம்ப் ஒன்று மீண்டும் செலுத்துகிறது. ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி சூடேறுவதற்குள் காற்று ஏற்கும் வெப்பத்தைப் போல் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை நீர் ஏற்கும். 1980-ல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்ற பெரிய கம்ப்யூட்டரும் நீரினால் குளிர்விக்கப்பட்டதே.

ஆனால் ஒன்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இச்சாதனம் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே குளிர்விக்காது. அறையே 40 டிகிரியில் இருந்தால் நீர் அதற்கும் மேலேதான் இருக்கும். ஆகவே கோடையில் சிறிது சூடு கூடுவதைக் கண்டே யந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டலாகாது.

நோய் அறிதல்

பிராசஸரின் உஷ்ணத்தைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. வேலையைத் தொடங்கியவுடனே உஷ்ணம் 90 டிகிரிக்குமேல் தாவினால், நீரோட்டம் தடைப்பட்டிருக்கிறது. அல்லது பிராசஸருக்கும் செம்புப் பெட்டிக்கும் இடையே தடவிய பசை உலர்ந்துவிட்டது. அரைமணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏறினால், பெரும்பாலும் ரேடியேட்டரில் தூசி அடைத்திருக்கும். அல்லது விசிறி தளர்ந்திருக்கும்.

எங்கள் யந்திரத்தில் உஷ்ணம் உடனே தாவிற்று. பம்பைத் தொட்டுப் பார்த்தோம். அதிர்வு சீராக இருந்தது. நீர்த்தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தெளிவாக இருக்க வேண்டிய குழாய் பால் கலந்தாற்போல் மங்கியிருந்தது. நீரை வடித்துச் செம்புப் பெட்டியைத் திறந்தபோது காரணம் விளங்கிற்று. மலிவான பிளாஸ்டிக் குழாய் நாளடைவில் கசியவிட்ட பொருள், வெண்மையான பிசினாகத் தகடுகளின் இடையே அடைத்துக்கொண்டிருந்தது. பெட்டியின் ரப்பர் வளையமும் தட்டையாகி இறுகிப் போயிருந்தது. பம்ப், ரேடியேட்டர், விசிறிகள், பெட்டி யாவும் நலமே!

வாங்கியதும் வாங்காததும்

புதிதாக வாங்கியவை ஐந்தே: குழாய், ரப்பர் வளையம், பசை, வாலை வடிநீர், துருவையும் பாசியையும் தடுக்கும் கலவை. பெட்டியின் தகடுகளை மென்மையான பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினோம். ரேடியேட்டரை வெந்நீரால் பலமுறை அலசி, இறுதியில் வடிநீரால் அலசினோம்.

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. இதில் கைகொள்ள வேண்டிய எச்சரிக்கைகள் சில உண்டு.

முதலாவது, உலோகம். செம்புப் பெட்டி இருக்கும் சாதனத்தில் விலை மலிவு என்று அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்கலாகாது. இரண்டும் ஒரே நீரில் தோயும்போது மின்வேதி அரிப்பு உண்டாகி அலுமினியம் கரையும். வாங்குமுன் ரேடியேட்டர் செம்பா, பித்தளையா, அலுமினியமா என்று கேட்டறிவது கடமை.

இரண்டாவது, அளவு. இணைப்பு மரைகள் பெரும்பாலும் கால் அங்குல அளவுடையவை. ஆகவே ஒரு கம்பெனியின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். குழாய் அப்படியன்று. அதன் உள் விட்டமும் வெளி விட்டமும் இணைப்புக்குச் சரியாக இருக்க வேண்டும். 10/13 மில்லிமீட்டருக்குரிய இணைப்பில் 10/16 குழாய் நுழையாது. பிசின் தொல்லை வேண்டாதவர் ஈ.பி.டி.எம். என்னும் கறுப்பு ரப்பர் குழாயை வாங்கலாம்.

மூன்றாவது, நீர். குழாய்த் தண்ணீர் உப்புப் படியவிடும். வடிநீரே ஏற்றது.

நான்காவது, பம்ப். அதற்கு நீரே எண்ணெய். நீரின்றி ஒரு நிமிஷமும் ஓடவிடலாகாது. மோட்டார் கெட்டிருந்தாலும், டி-5 போன்ற வகைகளில் மேல்மூடியை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் மாற்ற இயலும்.

எல்லாம் பூட்டியபின் கம்ப்யூட்டரின் மற்றப் பாகங்களுக்கு மின்சாரம் செல்லாதபடி துண்டித்து, பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட்டோம். இணைப்புகளின் கீழ் வெள்ளைக் காகிதம் பரப்பினோம். ஓர் இணைப்பில் மட்டும் துளி ஈரம் கண்டது, இறுக்கினோம், நின்றது. அந்த ஒரு துளிக்காகத்தான் ஒரு நாள் பொறுமை. அவசரப்பட்டிருந்தால் அது யந்திரத்தையே கொன்றிருக்கும்.

ஆன செலவு, கடைக்காரர் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேலையைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அப்பெண் ஒப்படைத்துவிட்டாள்.

முழுவதும் அடைத்து விற்கப்படும் குளிர்சாதனங்களுக்கு இந்த முறை பொதுவாகப் பொருந்தாது. அவற்றைத் திறக்குமுன் உத்தரவாதக் காலத்தைப் பாருங்கள். 5 அல்லது 6 ஆண்டு உத்தரவாதம் உடையவை பல உண்டு. திறந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். காலம் கடந்து பம்ப் நின்றுவிட்டால், விசிறி பொருத்திய சாதாரண உலோகக் குளிர்விப்பானே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். அதில் கசிய நீரில்லை, நிற்கப் பம்பும் இல்லை.

தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களில் உள்ளவர்கள் உறுப்புகளை நேரில் பார்த்து வாங்கலாம். கழற்றிய பழைய குழாயின் துண்டையும் வளையத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அளவு தவறாது. பங்குனி மாதத்தில் கூலரைக் கழுவித் துடைக்கும் அன்றே கம்ப்யூட்டரின் நீரையும் மாற்றி, ரேடியேட்டரின் தூசியையும் தட்டிவிட்டால், அடுத்த கோடையில் அதன் தாகத்துக்காகக் கடன் வாங்க நேராது.