மலைப் பைன் வண்டின் வளர்ச்சியில் வெப்பநிலையின் தாக்கம்

மலைப் பைன் வண்டு என்பது மேற்கு வட அமெரிக்காவின் பைன் காடுகளைத் தாக்கும் பட்டை வண்டு இனமாகும். இது பட்டையின் அடியில் முட்டையிடுகிறது. புழுக்கள் உள்பட்டையைத் தின்று வளர்கின்றன. இதன் பெருக்கத்தைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகளுள் ஒன்று வெப்பநிலை.

வளர்ச்சி வேகம்

இவ்வண்டின் உடல் வெப்பம் சூழலுக்கேற்ப மாறும். குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். வெப்பமான இடங்களில் ஓராண்டில் முடியும் வாழ்க்கைச் சுழற்சி, குளிர்ந்த உயர்மலைகளில் ஈராண்டு வரை நீளும்.

நலமான மரம் பிசின் சுரந்து வண்டுகளை வெளித்தள்ளும். கோடையில் வண்டுகள் ஒரே காலத்தில் திரண்டு தாக்கினால்தான் அம்மரத்தை வெல்ல முடியும். ஆகவே, விரைவாக வளர்வது மட்டும் போதாது. ஒருங்கே முதிர்ச்சியடைவதும் தேவை. அளவுக்கு மிஞ்சிய வெப்பம் இந்த ஒழுங்கைக் குலைக்கவும் கூடும்.

குளிர்கால இறப்பு

இலையுதிர் காலத்தில் குளிர் படிப்படியாகக் கூடும்போது, புழுக்கள் உடலில் கிளிசராலைச் சேர்த்து உறையாமல் தப்புகின்றன. நடுக்குளிர்காலத்தில் அவற்றைப் பெருமளவில் கொல்வதற்கு ஏறத்தாழ -40 பாகை செல்சியசு குளிர் வேண்டும். கிளிசரால் போதிய அளவு சேரும் முன்போ, இளவேனிலில் அது குறைந்த பின்போ திடீரெனக் குளிர் தாக்கினால், அதைவிட மிதமான குளிரே அவற்றைக் கொன்றுவிடும்.

கனடாவில் பெரும்பரவல்

கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில் 1990களில் தொடங்கிய பரவல் சுமார் 1.8 கோடி எக்டேர் காட்டைப் பாதித்தது. கடுங்குளிர் குறைந்ததும், காட்டுத்தீ தடுக்கப்பட்டதால் முதிர்ந்த பைன் மரங்கள் மிகுந்திருந்ததும் இதற்குக் காரணங்கள். 2006இல் வண்டுகள் ராக்கி மலைகளைத் தாண்டி ஆல்பர்ட்டாவில் பெருந்திரளாகப் பரவின. முன்பு கடுங்குளிரே இக்காடுகளுக்கு இயற்கை அரணாக இருந்தது. குளிர்காலம் மிதமாக மிதமாக அந்த அரண் வலுவிழக்கிறது.