மலைச் சாலையில் சறுக்கிய காடி: அன்றும் இன்றும்

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை 1931-இல் முடிந்தது. அதற்கு முன்பே, 1929-இல், ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். கேமரன் மலையில் காடு வெட்டித் தேயிலை நட்ட நம்மவர்களிடம் அன்று சொந்த வண்டி ஏது? தோட்டத்து லோரிதான். மழையில் அது வளைவு தவறிச் சரிந்தால் யார்மேல் தப்பு என்று முடிவு செய்கிறவர் துரை, எழுதுகிறவர் கிராணி. ஓட்டியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்பதால் அவர் வாய் திறக்க மாட்டார்.

இன்று அவருடைய பேரன் மைவி ஓட்டுகிறான். பாலிசி அவன் பெயரில், தகராறும் அவன் பெயரில். நவம்பர் மழையில் ரிங்லெட் பக்கம் ஒரு வளைவு. காய்கறித் தோட்டத்திலிருந்து வழிந்த சேறு தாரில் படிந்திருக்கிறது. மூட்டத்தில் எதிரே எதுவும் தெரியவில்லை. பிரேக் போட்டதும் வண்டி சறுக்கிக் கால்வாயில் இறங்கிவிடுகிறது. இடித்த வண்டி வேறு இல்லை, நஷ்டம் கேட்க எதிராளியும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்கிறான். வண்டியைக் கட்டுப்பாட்டில் வைக்கவில்லை என்று சம்மனும் வரக்கூடும்.

இங்கேதான் நம் மக்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். சம்மன் கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், கிளெய்ம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். முழுக் காப்புறுதி எடுப்பதே நம் கவனக்குறைவுக்கும் சேர்த்துத்தான். குடித்துவிட்டு ஓட்டுவதும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதும் வேறு கதை. வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி உள்ள பழைய லேண்ட் ரோவர் தானாகச் சறுக்கி விழுந்தால், தப்பே இல்லை என்று நிரூபித்தாலும் அந்த வண்டிக்கு ஒரு காசு வராது.

ஆகவே இன்றைய தகராறு யார் தப்பு என்பதைவிட, எது காரணம் என்பதில்தான் இருக்கிறது. ஈரச் சாலையில் சறுக்கினால் விபத்து. மலை சரிந்து மண் வண்டிமேல் விழுந்தால், வெள்ளம் அடித்துப் போனால், இயற்கைச் சீற்றம்; அதற்குத் தனியாகப் பணம் கட்டிப் பாதுகாப்பைச் சேர்த்திருக்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் பகாங்கிலும் சிலாங்கூரிலும் எத்தனையோ பேர் இதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். ஏற்கெனவே விழுந்து கிடந்த மண்மேட்டில் வண்டி போய் மோதினால்? வாதம் முழுக்க அந்த இடத்தில்தான். “மண் சரிவில் விபத்து” என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால், இழப்பை மதிப்பிட வரும் அட்ஜஸ்டர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள். எழுதியதை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காடியை இழுப்பதற்கு முன் சேற்றையும் டயர் தடத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

கிளெய்ம் செய்வதற்கும் ஒரு விலை உண்டு. கிளெய்ம் செய்யாததற்கான கழிவு (என்சிடி) 55 விழுக்காடு வைத்திருப்பவர் ஒரு கிளெய்மில் பூஜ்யத்துக்கு இறங்கி, 25, 30, 38.33, 45 என்று மறுபடி ஏற வேண்டும். அடிப்படைப் பிரீமியம் 1,000 ரிங்கிட்டாகவே இருந்தால், பழைய 450-க்குத் திரும்பும்வரை கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 1,367 ரிங்கிட். பம்பருக்கு 900 ரிங்கிட் கேட்டால் கைக்காசைப் போட்டுச் சரிசெய்வதே மேல்.

கிளெய்மை மறுத்துவிட்டால் அன்று போக இடமில்லை. காப்புறுதிப் புகார்களுக்கென்று ஒரு சமரச அமைப்பு வந்ததே 1991-இல்தான். அது 2005-இல் வங்கிப் புகார் அமைப்போடு இணைந்தது, 2016-இல் நிதிச் சேவை ஒம்புட்ஸ்மன் ஆனது, 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையாக இருக்கிறது. நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். புகார்தாரருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். தாத்தா காலத்தில் இப்படி ஒரு வாசல் இருந்திருந்தால் எத்தனை ஓட்டுநர்கள் தலைநிமிர்ந்து பேசியிருப்பார்கள்!

ஒன்றில் மட்டும் நிலைமை தலைகீழ்: சொந்தக் காடியில் போகிறவரைவிட லோரியில் போகிறவருக்கே சட்டம் அதிகம் துணை. வேலை ஒப்பந்தத்தின் பேரில் லோரியில் ஏற்றிச் செல்லப்படும் ஆட்களுக்குக் காப்புறுதி கட்டாயம் என்கிறது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம். சொந்தக் காடியில் கூட்டிப் போகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பயணிகளுக்கான பாதுகாப்பைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். அடுத்த முறை ரோட் டேக்ஸ் புதுப்பிக்கப் போகும்போது, முகவரிடம் அதையும் மண்சரிவுப் பாதுகாப்பையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.